விலைக்கு வந்த சுவர்கள்

நுழையும்முன்

சுவர், வீட்டுக்கு உரியவருக்கு எல்லை. தெருவில் நடப்பவருக்கு ஏடு. அந்த ஏட்டில் யாரிடமும் ஒப்புதல் பெறாமல் எழுதப்பட்டவை ஒரு காலத்தில் குற்றமாகக் கருதப்பட்டன. பின்னர் அவை கலையாயின. இன்று ஏலக்கூடங்களில் கோடிகளுக்கு விற்பனையாகின்றன. இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது? அதனால் பெற்றவர் யார், இழந்தவர் யார்?

பெயரை ஊரெங்கும் எழுதிய இளைஞர்கள்

1971ஆம் ஆண்டு ஜூலை 21 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் ஒரு செய்தி வெளியானது. நகரத்தின் சுவர்களிலும் சுரங்கத் தொடர்வண்டி நிலையங்களிலும் 'டாக்கி 183' என்று எழுதிச்செல்பவர் யார் என்பதே அச்செய்தியின் பொருள். தேடிச்சென்ற செய்தியாளர் கண்டது ஓர் எளிய குடும்பத்து இளைஞரை. டாக்கி அவருடைய செல்லப்பெயர். 183 அவர் குடியிருந்த தெருவின் எண். கடிதங்களையும் பொட்டலங்களையும் நேரில் கொண்டுசேர்க்கும் பணி அவருடையது. அதனால் நாள்தோறும் நகரத்தின் பல பகுதிகளுக்கும் சென்றார். சென்ற இடமெல்லாம் பேனாவால் தம் பெயரை எழுதிவைத்தார். அவருக்கு முன்னரே 'ஜூலியோ 204' போன்றோர் இதைச் செய்திருந்தனர். பிலடெல்பியா நகரிலும் 1960களின் இறுதியிலேயே இவ்வழக்கம் தோன்றியிருந்தது. எனினும் நாளிதழில் பெயர் வந்த பிறகுதான் நூற்றுக்கணக்கான சிறுவர்கள் பேனாவும் வண்ணத் தெளிப்பானும் கையுமாகக் கிளம்பினர்.

தொடக்கத்தில் இதில் ஓவியம் என்று சொல்லத்தக்கது குறைவு. பெயர் மட்டுமே இருந்தது. ஆனால் எல்லாரும் பெயரெழுதத் தொடங்கியபோது, தன் பெயர் மட்டும் தனித்துத் தெரிய வேண்டும் என்ற போட்டி எழுந்தது. எழுத்துகள் பருத்தன, நிழல் பெற்றன, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, அம்பும் முடியும் சூடின. சில ஆண்டுகளுக்குள் தொடர்வண்டியின் முழுப்பெட்டியையும், சன்னல்கள் உட்பட, ஒரே இரவில் வரைந்து முடிக்கும் அளவிற்கு இக்கலை வளர்ந்தது. வண்டிகள் நிறுத்திவைக்கப்படும் பணிமனைகளுக்குள் வேலி தாண்டி நுழைந்து, மின்சாரம் பாயும் மூன்றாவது தண்டவாளத்தை மிதிக்காமல் இருட்டில் வரைய வேண்டும். மறுநாள் காலை அந்தப் பெட்டி பிராங்க்ஸ் பகுதியிலிருந்து புரூக்ளின் வரை ஓடும். வறுமை மிகுந்த பகுதியில் பிறந்த ஒரு சிறுவனின் பெயரைப் பெருநகரமே படித்தது.

இந்த இளைஞர்களிடையே எழுதப்படாத சட்டங்கள் இருந்தன. பிறர் எழுத்துமுறையைத் திருடுதல் இழிவு. மூத்தவர் வரைந்ததன்மேல் இளையவர் வரைதல் தவறு. அதேவேளையில் வண்ணக்குப்பிகளைக் கடையிலிருந்து விலைகொடுக்காமல் எடுத்துவருவதை வீரமாகவே கருதினர். இக்கலையைப் போற்றி எழுதுவோர் பலர் இதனைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றனர். வண்ணம் பூசிய சன்னலுக்கு வெளியே எந்த நிலையம் வந்திருக்கிறது என்று தெரியாமல் தவித்த பயணிகளையும் நாம் மறந்துவிடக்கூடாது. 1972இல் நகர மேயர் ஜான் லிண்ட்சே இதற்கு எதிராக நடவடிக்கைகளைத் தொடங்கினார். முட்கம்பி வேலிகளும் காவல் நாய்களும் வந்தன. வண்ணம் தீட்டப்பட்ட கடைசித் தொடர்வண்டியும் அகற்றப்பட்டுவிட்டதென 1989ஆம் ஆண்டு மே மாதத்தில் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது.

பணம் எப்போது வந்தது?

தெருக்கலை முதலில் தூய்மையாக இருந்தது. பிற்காலத்தில்தான் வணிகம் வந்து கெடுத்தது என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1972இலேயே ஹியூகோ மார்ட்டினஸ் என்ற சமூகவியல் மாணவர், தெருவில் எழுதியோரைத் திரட்டிக் கலைஞர் சங்கம் ஒன்றை அமைத்தார். மறு ஆண்டே அவர்களுடைய படைப்புகள் துணித்திரையில் வரையப்பட்டு ஒரு கலைக்கூடத்தில் விற்பனைக்கு வைக்கப்பட்டன. 1979இல் லீ கினோனஸ், ஃபேப் ஃபைவ் ஃபிரெடி ஆகியோரின் ஓவியங்கள் ரோம் நகரில் காட்சிப்படுத்தப்பட்டன. 1983இன் இறுதியில் நியூயார்க்கின் புகழ்பெற்ற சிட்னி ஜானிஸ் கலைக்கூடமும் கதவைத் திறந்தது. ஆக, தொடர்வண்டிகளில் ஓவியம் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் விற்பனையும் நடந்தது. வரைந்தோர் ஏழைகள். தம் திறனுக்கு விலை கிடைக்கும் என்றால் அவர்கள் ஏன் மறுக்க வேண்டும்? அந்த ஆர்வம் ஓரிரு ஆண்டுகளில் தணிந்தபோது கலைக்கூடங்கள் அவர்களுள் பெரும்பாலோரைக் கைவிட்டன. அது அவர்கள் செய்த பிழையன்று.

சிலருக்கு மட்டும் கதவு மூடவே இல்லை. ஹெய்ட்டி நாட்டிலிருந்து வந்த தந்தைக்கு புரூக்ளினில் பிறந்தவர் ஜான் மிஷேல் பாஸ்கியா. 1970களின் இறுதியில் அவரும் நண்பர் அல் டியாஸும் 'சேமோ' என்ற புனைபெயரில் கீழை மன்ஹாட்டன் சுவர்களில் புதிர்போன்ற வாசகங்களை எழுதினர். கலைக்கூடங்கள் நிறைந்த பகுதியையே அவர்கள் தேர்ந்தெடுத்தது தற்செயலானதன்று. நட்பு முறிந்தபோது 'சேமோ இறந்துவிட்டான்' என்ற வாசகம் சுவர்களில் தோன்றியது. அதன்பின் பாஸ்கியா துணித்திரையில் வரைந்தார். 1988இல், தம் 27ஆம் வயதில் மறைந்தார். 1982இல் அவர் வரைந்த மண்டையோட்டு ஓவியம் ஒன்று, 1984இல் ஏறத்தாழ 20 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. 2017 மே மாதத்தில் அதே ஓவியத்தின் விலை 11 கோடியே 5 இலட்சம் டாலர்.

இவருடைய சமகாலத்தவரான கீத் ஹேரிங்கின் வாழ்க்கை நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. சுரங்க நிலையங்களில் விளம்பரத்திற்குரிய பலகைகள் உண்டு. விளம்பரக் காலம் முடிந்தால் அப்பலகையைக் கறுப்புத்தாள் ஒட்டி மூடிவிடுவர். 1980ஆம் ஆண்டு முதல் ஹேரிங் அக்கறுப்புத்தாளில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வரைந்தார்: தவழும் குழந்தை, குரைக்கும் நாய், ஒளிவீசும் உருவங்கள். ஒரே நாளில் முப்பது, நாற்பது படங்கள்கூட வரைந்ததுண்டு. பலமுறை கைதும் செய்யப்பட்டார். வேலைக்குச் செல்வோர் நின்று பார்த்தனர். இதற்கு என்ன பொருள் என்று அவரிடமே கேட்டனர். பிறகு அவர் புகழ்பெற்றார். உடனே அந்தப் படங்கள் சுவரிலிருந்து மறையத் தொடங்கின. அழித்தவர் காவலர் அல்லர். விற்பதற்காகப் பலகையிலிருந்து கிழித்துச்சென்றவர்கள். 1985 அளவில் ஹேரிங் சுரங்கத்தில் வரைவதை நிறுத்திக்கொண்டார். மக்களுக்கென வரைந்தது மக்கள் பார்க்குமுன்பே பணக்காரர் வீட்டிற்குச் செல்லுமானால் வரைவதில் என்ன பயன் என்பதே காரணம்.

1986இல் அவர் ஒரு கடை திறந்தார். தம் படங்கள் அச்சிட்ட சட்டைகளையும் சிறு பொருள்களையும் குறைந்த விலையில் விற்றார். கலையை வணிகமாக்கிவிட்டார் என்று விமர்சகர்கள் தூற்றினர். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து ஓவியம் வாங்க இயலாதவரும் தம் படத்தை வைத்திருக்க வேண்டும் என்பதே தம் நோக்கம் என்றார் ஹேரிங். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. ஆயினும், திருடி விற்ற வணிகத்தைக் காட்டிலும் அறிவித்து விற்ற வணிகம் மேலானது என்றே தோன்றுகிறது.

சந்தை கேட்கும் மூன்று

ஒரு பொருள் சந்தையில் விலைபோக வேண்டுமானால் அது இடம் பெயரக்கூடியதாக இருக்க வேண்டும். அரிதாக இருக்க வேண்டும். யாருடையது என்பதற்குச் சான்று இருக்க வேண்டும். தெருச்சுவரில் வரைந்த படத்திடம் இம்மூன்றும் இல்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கும், மழையில் கரையும், வரைந்தவர் தாம்தான் வரைந்தோம் என்று சொன்னால் சிறை செல்ல நேரிடும். தெருக்கலை வணிகமான வரலாறு, இம்மூன்று குறைகளையும் சந்தை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்ட வரலாறே ஆகும்.

இதற்குச் சிறந்த சான்று பேங்க்ஸி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1990களில் வரையத் தொடங்கியவர். தம்மை இன்றுவரை வெளிப்படுத்திக்கொள்ளாதவர். வெட்டிய அட்டையைச் சுவரில் பொருத்தி வண்ணம் தெளிக்கும் ஸ்டென்சில் முறையைக் கையாள்பவர். விரைவாக வரைந்து விரைவாக மறைய அம்முறை உதவியது. 2012 மே மாதம், அரசியாரின் ஆட்சி வைரவிழா நெருங்கிய நாட்களில், வடக்கு இலண்டனின் உட்கிரீன் பகுதியிலிருந்த மலிவு விலைக்கடை ஒன்றின் பக்கச்சுவரில் ஒரு படம் தோன்றியது. முழந்தாளிட்ட சிறுவன் ஒருவன் தையல் எந்திரத்தில் பிரிட்டிஷ் கொடித்தோரணம் தைத்துக்கொண்டிருந்தான். விழாத் தோரணங்களுக்குப் பின்னாலுள்ள குழந்தை உழைப்பை அப்படம் சுட்டியது. மலிவுப்பொருள் விற்கும் கடையின் சுவரில், மலிவுப்பொருள் வாங்க வருவோர் கண்முன்னே இருந்ததுதான் அதன் பொருளில் பாதி.

2013 பிப்ரவரியில் அந்தச் சுவர்ப்பகுதியைக் காணவில்லை. செவ்வகமாக அறுத்தெடுக்கப்பட்டிருந்தது. சில நாட்களில் அது அமெரிக்காவின் மியாமி நகர ஏலப்பட்டியலில் தென்பட்டது. அப்பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்தனர், ஏலம் கைவிடப்பட்டது. ஆனால் சில மாதங்களுக்குப்பின் இலண்டனிலேயே ஏழரை இலட்சம் பவுண்டுக்கும் மேல் விற்கப்பட்டது. இதில் திருட்டு என்று எதைச் சொல்வது? சுவர் கட்டடத்திற்கு உரியவருடையது. தம் சுவரை அறுத்து விற்க அவருக்கு உரிமை உண்டு. வரைந்தவரோ உரிமை கோரி முன்வர இயலாதவர். நாள்தோறும் அவ்வழியே நடந்து, அப்படத்தைத் தம்முடையதாக எண்ணிய மக்களுக்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை.

தெரியுமா?

2013 அக்டோபர் 13 அன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவை ஒட்டிய நடைபாதையில் முதியவர் ஒருவர் சிறு கடை விரித்திருந்தார். கையொப்பமிட்ட உண்மையான பேங்க்ஸி ஓவியங்கள் அங்கே 60 டாலருக்கு விற்கப்பட்டன. பெரும்பாலோர் போலி என்றெண்ணிக் கடந்து சென்றனர். மூவர் மட்டுமே வாங்கினர். அவர்களுள் ஒருவர் பாதி விலைக்குப் பேரம் பேசி வாங்கினார். அன்றைய மொத்த விற்பனை 420 டாலர். உண்மை மறுநாள் இணையத்தில் வெளியிடப்பட்டது.

சந்தையை எள்ளுவதையே பேங்க்ஸி ஒரு கலையாக்கினார். ஆனால் அந்த எள்ளலையும் சந்தை விலைக்கு வாங்கிற்று. 2018 அக்டோபர் 5 அன்று இலண்டனின் சோத்பி ஏலக்கூடத்தில் 'பலூனுடன் சிறுமி' என்ற அவருடைய படம் 10 இலட்சத்து 42 ஆயிரம் பவுண்டுக்கு ஏலம் போனது. சுத்தியல் விழுந்த கணத்தில், சட்டகத்திற்குள் மறைத்துவைத்திருந்த கருவி இயங்கிப் படத்தின் கீழ்ப்பாதியைக் கீற்றுக்கீற்றாக வெட்டியது. கூடியிருந்தோர் திகைத்தனர். வாங்கியவர் அதனை மறுக்கவில்லை. மூன்றாண்டு கழித்து, 2021 அக்டோபரில், அப்பாதிக் கிழிசல் 1 கோடியே 85 இலட்சம் பவுண்டுக்கும் மேல் விற்றது. எதிர்ப்பே விளம்பரமாகிவிடும் இடத்தில் கலைஞன் எப்படி எதிர்ப்பான்?

இதே பேங்க்ஸி ஒரு காலத்தில் பதிப்புரிமையை ஏளனம் செய்தவர். பின்னர் அவருடைய மலர் எறியும் மனிதன் படத்தை வாழ்த்து அட்டை நிறுவனம் ஒன்று பயன்படுத்தியபோது, அப்படத்திற்குப் பெற்றிருந்த வணிகக்குறி உரிமையால் தடுக்க முயன்றார். அந்த வணிகக்குறியை 2020 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகம் நீக்கியது. பெயரை மறைத்து வாழ்பவர் தம் உரிமையை நிறுவுவது கடினம் என்பது அத்தீர்ப்பின் சாரங்களுள் ஒன்று. மறைவில் இருப்பதன் விலை அது.

சுவர் அழகானால் வாடகை உயரும்

படம் பெயர்ந்து சென்றால் ஒருவகை இழப்பு. படம் அங்கேயே நிற்க, மனிதர்கள் பெயர நேர்ந்தால் இன்னொரு வகை இழப்பு. மியாமி நகரின் வின்வுட் ஒருகாலத்தில் கிடங்குகள் நிறைந்த பகுதி. வாடகை குறைவு என்பதால் கலைஞர்கள் அங்கே குடியேறினர். நிலவணிகரான டோனி கோல்ட்மன் 2009இல் அங்கிருந்த கிடங்குச் சுவர்களை உலகெங்குமுள்ள தெருக்கலைஞர்களுக்குத் திறந்துவிட்டார். கூட்டம் வந்தது, உணவகங்கள் வந்தன, நிலத்தின் விலை ஏறிற்று. முதலில் வந்த கலைஞர்கள் பலர் வாடகை கொடுக்க இயலாமல் வெளியேறினர். அந்தச் சுவர்களைப் பார்க்க இன்று நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். தெருக்கலைக்கு நுழைவுச்சீட்டு! முப்பதாண்டுகளுக்கு முன் சொல்லியிருந்தால் நகைத்திருப்பார்கள்.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலிருந்த 'ஃபைவ் பாயின்ட்ஸ்' கட்டடத்தின் கதை சற்றே வேறுபட்டது. அது பழைய தொழிற்சாலை. உரிமையாளரின் ஒப்புதலுடன் அதன் சுவர்களில் பல ஆண்டுகள் ஓவியங்கள் வரையப்பட்டன. சுற்றுலாப் பயணிகள் அதைக் காண வந்தனர். அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட முடிவு செய்த உரிமையாளர், 2013 நவம்பரில் ஓர் இரவில் முன்னறிவிப்பின்றி ஓவியங்கள்மேல் வெள்ளையடித்தார். கலைஞர்கள் நீதிமன்றம் சென்றனர். 1990ஆம் ஆண்டின் அமெரிக்கக் காட்சிக்கலைஞர் உரிமைச் சட்டப்படி, பெருமதிப்புடைய படைப்பை, அது வேறொருவர் சுவரில் இருந்தாலும், அழித்தல் உரிமை மீறலாகும். 21 கலைஞர்களுக்கு 67 இலட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்குமாறு 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. தெருக்கலைக்குச் சட்டம் அளித்த பெரும் ஏற்பு இது. எனினும் அத்தீர்ப்பு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: ஓவியங்கள் ஒப்புதலுடன் வரையப்பட்டவை. இன்னொன்றும் உண்டு. அங்கே எழுந்த புதிய குடியிருப்புக்கும் ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற பெயரையே சூட்டினர். ஓவியத்தை அழித்தவர், ஓவியம் ஈட்டித்தந்த பெயரை அழிக்கவில்லை.

ஒப்புதலின்றி வரைந்தவற்றின் நிலை என்ன? 2018இல் 'எச் அண்ட் எம்' ஆடை நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றில், புரூக்ளின் விளையாட்டுத்திடல் சுவரில் 'ரெவோக்' என்ற கலைஞர் வரைந்திருந்த படம் பின்னணியாக இடம்பெற்றது. அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். சட்டத்திற்குப் புறம்பாக வரைந்த படத்திற்குப் பதிப்புரிமை இல்லை என்று தீர்ப்பளிக்குமாறு நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. உலகெங்குமுள்ள கலைஞர்கள் அந்நிறுவனத்தைப் புறக்கணிக்கும்படி அழைக்கவே, சில நாட்களில் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அந்தக் கேள்விக்கு அவ்வழக்கில் விடை பிறக்கவில்லை.

அழைத்து வரையச் சொல்லும் சுவர்கள்

இன்று நகராட்சிகளும் வண்ணப்பூச்சு நிறுவனங்களும் கலைஞர்களை அழைத்துச் சுவர் தருகின்றன. தில்லியின் லோதி குடியிருப்பில் அவ்வாறே ஒரு திறந்தவெளி ஓவியப்பகுதி உருவாயிற்று. 2020இல் சென்னை கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களிலும் பெரிய ஓவியங்கள் எழுந்தன. நகரின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட இடம் அது. வெளியார் அச்சத்தோடு பேசிய ஊரின் சுவரில், அவ்வூர்க் குழந்தைகளின் முகங்கள் சிரித்தன. ஓவியம் காண வெளியார் வந்தனர். இவற்றை நியூயார்க் தொடர்வண்டிகளோடு ஒப்பிட்டு, ஒளிவுமறைவின் கவர்ச்சி போய்விட்டது என வருந்துவது பொருந்தாது. கண்ணகி நகருக்கு அந்தக் கவர்ச்சி தேவைப்படவில்லை. ஆனால் ஒன்றை நாம் கேட்கலாம். அழைப்பின் பேரில் வரையப்படும் சுவரில், அழைத்தவர் விரும்பாத ஒன்றை வரைய முடியுமா? குடிநீர் வராததை, வேலைக்குச் செல்ல நெடுந்தொலைவு பயணம் செய்வதை அச்சுவர் சொல்லுமா? உட்கிரீன் சிறுவனின் படத்திற்கு எந்தக் கடைக்காரரும் முன்கூட்டி ஒப்புதல் தந்திருக்க மாட்டார்.

தாமே அழித்தவர்

இத்தாலியைச் சேர்ந்த 'புளூ' என்ற கலைஞரும் பேங்க்ஸியைப்போலவே முகம் காட்டாதவர். கட்டடங்களின் முழுச்சுவரிலும் பேருருவங்களை வரைபவர். பெர்லினின் குரொய்ஸ்பெர்க் பகுதியில் 2007, 2008 ஆண்டுகளில் அவர் வரைந்த இரு சுவரோவியங்கள் அந்நகரின் அடையாளமாயின. அவற்றுள் ஒன்றில் தலையற்ற மனிதன் ஒருவனின் இரு மணிக்கட்டுகளிலும் பொற்கடிகாரங்கள்; அக்கடிகாரங்களைப் பிணைத்தது ஒரு சங்கிலி. ஓவியங்களின் முன்னிருந்த வெற்று நிலத்தில் புதிய கட்டடம் எழவிருந்தது. ஓவியம் தெரியும் இடம் என்பதே அந்நிலத்தின் மதிப்பைக் கூட்டியது. 2014 டிசம்பரில் புளூவின் ஒப்புதலோடு ஓர் இரவில் இரண்டு ஓவியங்கள்மேலும் கறுப்பு வண்ணம் பூசப்பட்டது.

அடுத்து அவருடைய சொந்த நகரமாகக் கருதப்படும் பொலோஞா. அங்கே தெருக்கலைக் கண்காட்சி ஒன்று அருங்காட்சியகத்தில் ஏற்பாடாகியிருந்தது. அதற்காகப் பல தெருக்கலைஞர்களின் படைப்புகளைச் சுவரோடு பெயர்த்தெடுத்திருந்தனர்; கலைஞர்களின் ஒப்புதலைப் பெறவில்லை. அழியவிருந்த கட்டடங்களிலிருந்து கலையைக் காப்பாற்றினோம் என்பது அமைப்பாளர்களின் விளக்கம். அவ்விளக்கத்தை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. பெயர்க்காவிட்டால் இடிபாடுகளோடு அவை மண்ணாகியிருக்கும். ஆனால் தெருவில் வரைந்தபோது குற்றம் என்றவர்களே, பெயர்த்தெடுத்த பின் பாரம்பரியம் என்கிறார்கள் என்று எதிர்த்தரப்பினர் சினந்தனர்.

2016 மார்ச்சில் புளூ தம் ஓவியங்களை அழிக்கத் தொடங்கினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அந்நகரில் அவர் வரைந்தவை அவை. நண்பர்களும் அப்பகுதி இளைஞர்களும் சாம்பல்நிற வண்ணமும் உருளைத்தூரிகையும் கொண்டு உடன் நின்றனர். அவ்வோவியங்களோடு வளர்ந்த மக்களும் பார்த்து நின்றனர். அவர்களைக் கேட்டும் இது நடக்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். சில நாட்கள் கழித்து அருங்காட்சியகத்தின் கண்காட்சி திட்டமிட்டபடி திறக்கப்பட்டது. நுழைவுச்சீட்டு பெற்றவர்கள் உள்ளே சென்று தெருக்கலையைக் கண்டனர். வெளியே, அதே நகரத்தின் சுவர்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன.